பழம் படங்கள் கூறும் கண்டிச் சரித்திரம்

சரித்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் எமது மனம் அரசரையும் போரையும் உடன்படிக்கையையும் நாடிச் செல்கின்றது. கண்டி நகரைப் பற்றி எழுதுக என்று கேட்டால், செங்கடகல என்னும் பழம்பெயரில் தொடங்கி, 1815ஆம் ஆண்டில் இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டதையும், ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் சிறைசெய்யப்பட்டு வேலூருக்குக் கொண்டு செல்லப்பட்டதையும், அவன் அமைப்பித்த வாவி இன்றும் நகரின் நடுவே விளங்குவதையும் எழுதி முடித்துவிடுவோம். பரீட்சைத் தாளுக்கு அவ்வளவு போதும். ஆனால், இந்நகரில் வாழ்ந்த எங்கள் பாட்டன் பாட்டிமார் எவ்வாறு பயணஞ் செய்தனர், எதை உடுத்தனர், எவ்விடங்களிற் கூடி நின்றனர், யாரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டனர் என்பவற்றைக் கூறும் ஏடு எந்த நூல்நிலையத்திலும் இல்லை. அது வீடுகளிலே, கட்டிலின் கீழ்க் கிடக்கும் தகரப்பெட்டிகளிலே இருக்கின்றது. பழம் படங்களே அந்த ஏடு.

கடந்த விடுமுறையிலே அத்தகைய பெட்டி ஒன்றை எங்கள் வீட்டில் நாம் திறந்தோம். உள்ளே 41 படங்கள் இருந்தன. அவற்றை அப்பாச்சியின் முன்னே பரப்பி வைத்துக்கொண்டு மூன்று நாட் பொழுதைக் கழித்தோம். அதனால் அறிந்த சிலவற்றையும், நாம் செய்த பிழை ஒன்றையும் சங்கத்து இளைஞர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டிக்கு நிழற்படம் வந்த வரலாறு

ஒளியைக் கொண்டு உருவத்தைப் பதிக்குங் கலை 1839ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே உலகறிய வெளியிடப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1852இல், கல்கத்தாவில் வாழ்ந்த பிரெடெரிக் ஃபீபிக் என்பவர் இலங்கைக்கு வந்து பல இடங்களையும் படம் பிடித்தார். வர்ணப் படம் என்பதே அறியப்படாத காலம் அது. ஆகவே அப்படங்களுக்குக் கையினாலேயே வர்ணம் தீட்டப்பட்டது.

அக்காலம் மலைநாட்டிலே கோப்பி செழித்த காலம். கண்டி தோட்டத்துரைமார் வந்து கூடும் நகராய் விளங்கிற்று. 1867இல் கொழும்பிலிருந்து புகையிரதமும் கண்டியை வந்தடைந்தது. பணமும் பிரயாணிகளும் சேருமிடத்திற் படக்காரரும் வந்து சேர்வது இயல்பே. ஜோசப் லோட்டன் என்னும் ஆங்கிலேயர் 1860களிற் கண்டியில் இருந்து தொழில் செய்தார். தேசாதிபதி சேர் ஹேர்க்கியூலிஸ் ரொபின்சன் காலத்தில் 1868இல் அமைக்கப்பட்ட தொல்பொருட் குழுவின் பொருட்டு அநுராதபுரம், பொலநறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் இடிபாடுகளைப் பதிவு செய்தவர் அவரே. காடு மூடிக் கிடந்த அக்காலத் தோற்றத்தை இன்று நாம் காண்பது அவர் படங்களிலேதான். நோயுற்று இங்கிலாந்து திரும்பிய அவர் 1872இற் காலமானார். அவருக்குப்பின் சார்ள்ஸ் ஸ்கோவன் என்பவர் 1876 அளவிற் கண்டியிலே படசாலை நடத்தினார். கொழும்பில் ஸ்கீன் கம்பெனியும், 1890இல் தொடங்கிய பிளாட்டே கம்பெனியும் பெயர் பெற்றன.

இக்காலத்து இளைஞர் கைத்தொலைபேசியை நீட்டி ஒரு கணத்தில் நூறு படம் எடுக்கின்றனர். அன்று ஒரு படத்துக்குப் பட்ட பாடு வேறு. கண்ணாடித் தகட்டிலே மருந்தைப் பூசி, அது உலருமுன்னர்ப் படம் பிடித்து, உடனே இருளிலே வைத்துக் கழுவுதல் வேண்டும். ஆகவே வெளியூர் செல்லும் படக்காரர் கமராவோடு இருட்டுக் கூடாரத்தையும், கண்ணாடித் தகடுகளையும், மருந்துப் புட்டிகளையும் கூடவே கொண்டு சென்றனர். பின்னர் அத்தகட்டிலிருந்து, முட்டையின் வெள்ளைக் கரு பூசிய கடதாசியிலே வெயிலின் உதவியால் உருவத்தைப் பதித்தனர். அப்பழம் படங்களின் மஞ்சட் கலந்த கபில நிறத்துக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பெயரில்லா முகங்கள்

இங்கே ஒரு செய்தியை ஊன்றி நோக்குதல் வேண்டும். அக்கம்பெனிகள் விற்ற படங்களிலே எம்மவர் முகங்கள் ஏராளம். கோப்பித் தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் கூடை சுமந்த பெண்கள், வண்டியோட்டிகள், நகை அணிந்த சிறுமியர், கோவில் வாயிலில் நின்றவர் என எத்தனையோ பேர் அவற்றில் நிற்கின்றனர். ஆனால் படத்தின் அடியிலே, தமிழ்ப் பெண் என்றோ தமிழ்க் கூலி என்றோ எழுதியிருக்குமேயன்றி அவரது பெயர் பெரும்பாலும் இராது. ஊரும் இராது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற படக்கலைஞர் யூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து குடியேறி, 1879இல் மலைநாட்டிலே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் தம் நாட்டுப் புலவரையும் அறிஞரையும் எடுத்தபோது பெயரைப் பொறித்து வைத்தார். இங்கே அவர் எடுத்த தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் பெயரின்றியே நிற்கின்றனர்.

அவர்கள் யாருக்கோ தாயும் தமக்கையுமாய் இருந்தவர்கள். அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று இக்கண்டி மாவட்டத்திலேயே வாழக்கூடும். ஆயினும் படத்தைக் கண்டு, "இவர் எங்கள் பூட்டியார்" என்று சொல்ல ஒருவராலும் இயலாது. படம் இருந்தும் சரித்திரம் இல்லை. பெயரை இழந்த படம் கட்டவிழ்ந்த ஏட்டுச் சுவடியை ஒத்தது. எழுத்து இருக்கும், நூல் இன்னதெனத் தெரியாது.

இதற்கு மாறான முயற்சி ஒன்றையும் கூறுதல் தகும். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரான கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராய் இருந்தார். கற்களை ஆராய வந்தவரின் கண் கைவினைஞர் மீது சென்றது. கண்டிப் பிரதேசக் கிராமங்களிலே கொல்லர், தச்சர், ஓவியர், நெசவாளர் முதலியோர் தொழில் செய்த முறையை அவர் குறித்துக்கொள்ள, அவர் மனைவியார் எதெல் அம்மையார் படம் பிடித்தார். அதன் பயனே 1908இல் 425 பிரதிகள் மாத்திரம் அச்சிடப்பட்ட மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூல். அதிலுள்ள படங்களின் பெருமை அழகினால் மட்டும் வந்ததன்று. எது, எங்கே, எதற்காக என்ற குறிப்பு ஒவ்வொன்றோடும் நிற்பதனால் வந்தது.

படத்திலே மட்டும் வாழும் இடங்கள்

இன்னொரு பயனும் உண்டு. பேராதனையிலே மகாவலி கங்கையின் மேல், நடுவே தூணின்றி ஒரே வளைவாக, முதிரை மரத்தினாற் பாலம் ஒன்று 1833இல் அமைக்கப்பட்டது. அதனைக் கடந்தே துரைமாரும் வண்டிகளும் கண்டிக்குட் புகுந்தனர். 1905இல் அது கழற்றப்பட்டு இரும்புப் பாலத்திற்கு இடம் விட்டது. இன்று அதனைக் காண விரும்புவோர் பழைய படசாலைகள் விற்ற படங்களிலேதான் காணலாம்.

நூறாண்டுக்கு முந்திய செய்தி என்று எவரும் எண்ணவேண்டாம். விக்ரோறியா அணைக்கட்டு 1985இல் திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனியா நகரம் நீரில் மூழ்கிற்று. கடைத்தெருவும் வீதிகளும் வீடுகளும் நீரின் கீழாயின. மழை பொய்த்து நீர் வற்றும் ஆண்டுகளிலே இடிந்த சுவர்கள் வெளியே தலைகாட்டுவதுண்டு. எங்கள் பெட்டியிலே அப்பழைய நகரின் படம் ஒன்று இருக்கின்றது. அப்பப்பா கையிற் பையோடு ஒரு கடை வாயிலில் நிற்கின்றார். அவரை எடுப்பதற்கென்றே எடுத்த படம்; பின்னாலுள்ள கடையை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. இன்றோ அப்பப்பாவும் இல்லை, கடையும் இல்லை, தெருவுமில்லை. வீட்டுப் படம் ஊர்ச் சரித்திரமாய் மாறுவது இவ்வாறுதான்.

புகையிரதமும் குடும்பப் பயணமும்

கண்டியில் வாழும் வடபுலத்துக் குடும்பங்களுக்குப் பயணம் என்பது பெரும்பாலும் ஊருக்குப் போவதையே குறிக்கும். அப்பயணம் ஒரு காலத்தில் எவ்வளவு கடினமாயிருந்ததென்பதற்குச் சுவாமி விவேகானந்தரின் யாத்திரையே சான்று. 1897ஆம் ஆண்டு தை மாதத்திற் கொழும்பில் வந்திறங்கிய சுவாமிகள் புகையிரதத்திற் கண்டிக்கு எழுந்தருளினார். கண்டி வாழ் இந்துக்கள் வரவேற்புப் பத்திரம் வாசித்தளித்தனர். அங்கிருந்து மாத்தளைக்குச் சென்றபின், யாழ்ப்பாணம் வரை ஏறத்தாழ 200 மைல் தூரத்தையும் குதிரை வண்டியிலே கடக்கவேண்டியதாயிற்று. தம்புள்ளைக்குச் சில மைல்களுக்கு அப்பால் வண்டிச் சக்கரம் முறிந்து, வழியிலே மணிக்கணக்காய்த் தங்க நேர்ந்தது.

1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை பூர்த்தியாயிற்று. பொல்காவலையிலே வண்டி மாறினாற் கண்டியிலிருந்து காங்கேசன்துறை வரை இருப்புப் பாதையிலேயே செல்லலாம் என்ற நிலை பிறந்தது. எங்கள் பூட்டனார் புகையிரதப் பகுதியிலே உத்தியோகம் பார்த்தவர். ஆகவே ஆண்டுதோறும் குடும்பத்துக்கு இலவசச் சீட்டுக் கிடைத்தது. அச்சீட்டு எங்கள் குடும்பத்தின் பயணங்களுக்கெல்லாம் மூலமாயிற்று.

அப்பாச்சி சொல்லக் கேட்டால் அப்பயணம் கண்முன்னே நிற்கும். வாழையிலையிற் கட்டிய புளிச்சோறு, செம்பிலே தண்ணீர், பிள்ளைகளுக்கு ஒரு போர்வை. பொல்காவலை மேடையிலே நள்ளிரவிற் பெட்டிகளை எண்ணி எண்ணி ஏற்றுவார்களாம். போகும்போது மலைநாட்டுத் தேயிலையும் கரட்டும் லீக்சும். திரும்பும்போது பனாட்டும் ஒடியலும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும். வண்டி அநுராதபுரத்தைக் கடந்து விடியும் வேளையில், பனைமரம் முதலிற் காண்பவருக்கு ஒரு சதம் பரிசு. பரிசு கொடுப்பவர் பூட்டனார். அதனைப் பெரும்பாலும் வென்றவர் அப்பப்பாவின் கடைசித் தங்கையாராம். அவரைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

ஊருக்குப் போகாத விடுமுறைகளிற் பேராதனைப் பூந்தோட்டமே கதி. 1821இல் அமைக்கப்பட்ட அத்தோட்டத்திலே எங்கள் குடும்பம் படம் எடுத்துக்கொள்ளாத மூலை இல்லை எனலாம். இரவற் பெட்டிக் கமரா ஒன்று. எட்டுப் படங்கொண்ட ஒரு சுருள். அதனை ஒரு வருடத்துக்கு வைத்து எடுப்பார்கள். எனவே ஒவ்வொரு படத்துக்கும் முன்னரே ஆலோசனை நடக்கும். யார் நிற்பது, யார் இருப்பது, கைக்குழந்தை யார் மடியில் என்று முடிவான பின்னரே விசை தட்டப்படும். அக்காலத்துப் படங்களில் எவரும் சிரியாமைக்குக் காரணம் துக்கமன்று; வீணாக்கக் கூடாதே என்ற பயமேயாம்.

படத்தைப் படித்தல்

எங்கள் படங்களுள் ஒன்று பேராதனை வீதியிலே எடுக்கப்பட்டது. பூட்டனார் கைத்தடியோடு நிற்கின்றார். பக்கத்தில் இளைஞராய் அப்பப்பா. பின்னே பெரியதோர் அலங்கார வளைவு. அதன் உச்சியிலே முடி உருவம். படத்தின் முதுகில் எங்கள் தந்தையார், பேராதனை 1946 என்று பேனாவால் எழுதியிருந்தார். யுத்தம் முடிந்த காலமாகையால் வெற்றி விழா அலங்காரமாயிருக்கும் என்று நாமும் எண்ணி, அவ்வாறே குறித்துக்கொண்டோம்.

அப்பாச்சி அதனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "உது நாப்பத்தாறில்லை, பிள்ளை. இராணி வந்த வரியம். மாமி எனக்குச் சொல்லிக் காட்டினவ" என்றார்.

நாம் ஆராய்ந்து பார்த்தோம். எலிசபெத் மகாராணியார் 1954ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் இலங்கைக்கு வந்தார். அம்மாதம் 20ஆம் திகதி பேராதனைப் பல்கலைக்கழகத்தை அவர் முன்னிலையில் எடின்பரோ கோமகன் வைபவமாகத் திறந்துவைத்தார். பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்ததே 1952இல்தான். படத்தின் ஓரத்திலே மரங்களுக்கிடையில் தெரிந்த புதுக் கட்டடத்தின் கூரையை உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு நோக்கினோம். அப்பாச்சி கூறியதே சரி. இன்று நாம் பாடங் கேட்கச் செல்லும் வளவின் வாயிலிலே, அது திறக்கப்பட்ட காலத்திலேயே எங்கள் பூட்டனார் நின்றிருக்கின்றார்! எட்டாண்டு பிழையாக எழுதிய ஒரு குறிப்பு இவ்வளவையும் மறைத்துவிட்டது.

குறிப்பில்லாப் படம் ஊமை. பிழைக் குறிப்புள்ள படம் பொய்ச்சாட்சி. இரண்டையும் திருத்தவல்லவர் எங்கள் பெரியோரே. பெட்டியைத் திறந்த அன்று 41 படங்களுள் 17 படங்களில் இருப்போர் பெயரே எமக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் நாள் முடிவில் 36 ஆயிற்று. எஞ்சிய ஐந்தையும் அறிந்தவர் இப்போது உயிரோடில்லை.

எரிந்தவையும் எஞ்சியவையும்

எங்கள் குடும்பத்திலே ஒருகால் மூன்று பெரிய அல்பங்கள் இருந்தனவாம். 1983ஆம் ஆண்டு ஆடிமாதக் கலவரத்திலே, கண்டிக்கு அயலில் இருந்த எங்கள் வீடு எரிந்தபோது அவையும் எரிந்தன. அப்பாச்சி பிள்ளைகளையும் காணி உறுதிப் பெட்டியையுமே கொண்டு புறப்பட்டார். அல்பத்தை எடுக்கவேண்டுமென்ற எண்ணம் அவருக்குத் தோன்றவேயில்லை. உயிர் தப்புவோர் யாருக்குத்தான் தோன்றும்? இரண்டாண்டுக்கு முன்னர், 1981இல், யாழ்ப்பாணப் பொது நூல்நிலையத்திலே ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை யாவரும் அறிவர். நூல்நிலையத்தின் இழப்பை உலகம் எழுதி வைத்தது. வீட்டு அல்பங்களின் இழப்பை எழுதியவர் யார்?

அவ்வாறாயின் இந்த 41 படங்கள் எங்கிருந்து வந்தன? அப்பப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. 1957இல் விவாகமானபின், தம் வீட்டாரை அறிமுகஞ் செய்யும்பொருட்டுப் பழைய படங்களின் பிரதிகளை அப்பாச்சியின் தமக்கையாருக்கு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். பின்னரும் புதிதாய் ஒரு படம் கழுவினால் ஒரு பிரதி கடிதத்தோடு அங்கே போகும். அத் தமக்கையார் அவற்றையெல்லாம் ஒரு துணியிற் பொதிந்து வைத்திருந்தார். 1995ஆம் ஆண்டு ஐப்பசி முடிவில் வலிகாமத்து மக்கள் யாவரும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, அரிசிப் பைக்குள் அப்பொதியையும் வைத்துக்கொண்டே தென்மராட்சிக்கு நடந்தார்.

1990இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014ஆம் ஆண்டு ஐப்பசியில் மீண்டும் ஓடத் தொடங்கியது. மறுவருடம் அப்பாச்சியை அழைத்துக்கொண்டு குடும்பமாய் அதிற் சென்றோம். நாம் அப்போது சிறு பிள்ளை. தமக்கையும் தங்கையும் நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார்கள். பின்னர்ப் பொதி கைமாறிற்று. தாமே கொடுத்துவிட்ட படங்கள் முப்பது வருடங்களுக்கு மேலாகச் சுற்றி, அப்பாச்சியின் கைக்கே திரும்பி வந்தன. வீட்டில் வைத்துக் காத்தவை அழிந்தன. பிறருக்கு ஈந்தவை எஞ்சின. படங்களைக் காக்கும் முறைகளுள் முதலாவது இதுவே என்று துணிந்து கூறுவோம்.

மலைநாட்டுத் தோட்டங்களிலே வாழ்ந்த எம்மவர் கதை வேறு விதமானது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அதன்பின் எத்தனையோ குடும்பங்கள் கடவுச்சீட்டின் பொருட்டுக் கண்டி நகருக்கு வந்து சென்றன. வாழ்நாளில் அதுவரை படமே எடுத்திராத முதியோரும் கடவுச்சீட்டுக்கென்று கமராவின் முன் அமர்ந்தனர். பல வீடுகளிற் பாட்டனின் ஒரே படம் அதுவாகவே இருக்கின்றது. தலைமன்னார்த் துறையிலே பிரிந்த சகோதரருள் ஒருவர் திருச்சியிலும் ஒருவர் நாவலப்பிட்டியிலும் இருக்க, ஒருவர் வீட்டிலுள்ள படத்தின் மறுபாதிக் கதை மற்றவர் வீட்டிலே கிடக்கின்றது. இவற்றை ஒன்றுசேர்ப்பார் இல்லையேல், நாட்டை விட்டகன்றோர் இத்தனை பேர் என்ற எண் ஒன்றே சரித்திரத்தில் நிற்கும், முகம் நிற்காது.

எமது பிழை

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பொதியை நாம் தகரப்பெட்டியிலிட்டுக் கட்டிலின் கீழே தள்ளிவிட்டோம். கலவரத்துக்கும் இடப்பெயர்வுக்கும் தப்பியவற்றைக் கண்டியின் மூடுபனியும் ஈரமும் பற்றிக்கொண்டன. பெட்டியைத் திறந்தபோது சில படங்களின் மேல் வெண்ணிறப் பூசணம் படர்ந்திருந்தது.

அவற்றுள் ஒன்று, பனைமரம் காட்டிப் பரிசு வென்ற அச்சிறுமியின் படம். பூந்தோட்டத்துப் புற்றரையிலே இரட்டைப் பின்னலோடு தனியே நிற்கின்றார். பன்னிரண்டாம் வயதிற் காய்ச்சலினால் இறந்தவர். அவருக்கு வேறு படம் இல்லை. நாம் அன்பு மேலீட்டினால், பஞ்சை நீரில் நனைத்து அப்பூசணத்தை மெதுவாய்த் துடைத்தோம். பூசணத்தோடு முகமும் பஞ்சிலே வந்துவிட்டது.

அதன் காரணத்தைப் பின்னரே அறிந்தோம். கறுப்பு வெள்ளைப் படங்களில் உருவம் நிற்பது ஜெலற்றின் என்னும் மெல்லிய பசைப் படலத்தில். பூசணம் அப்படலத்தையே உணவாய்க் கொண்டு இளக்கிவிடுகின்றது. அதன்பின் நீர் பட்டாற் கரைந்துபோகும். ஒரு நிமிடம் பொறுத்து, அறிந்தவர் ஒருவரைக் கேட்டிருந்தால் அம்முகம் இன்றும் இருக்கும். துடைப்பதற்கு முன் ஒரு பிரதியாவது எடுத்திருக்கலாம். அதுவும் செய்தோமில்லை.

அப்பாச்சி படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "போனது போகட்டும் மோனை. மிச்சத்தைப் பார்" என்றார். அச்சொல்லே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

காக்கும் முறை

நாம் இழந்து கற்றதை ஏனையோர் இழவாமலே கற்கலாம். ஆகையாற் சுருங்கக் கூறுகின்றோம்.

படத்தைத் தொடுமுன் கையைக் கழுவி நன்கு உலர்த்துக. ஓரத்தைப் பிடித்தே தூக்குக. முகத்தில் விரல் பட்டால் அதன் எண்ணெய்ப்பசை காலப்போக்கிற் கறையாகும்.

பூசணம் பிடித்த படத்தை நீராலும் ஈரத் துணியாலும் துடையாதீர். நிழலிலே காற்றாட வைத்து நன்கு உலர்ந்தபின், மிக மெல்லிய தூரிகையால் வீட்டுக்கு வெளியே நின்று தட்டிவிடுக. ஏனைய படங்களிலிருந்து அதனைப் பிரித்து வைத்தலும் வேண்டும்.

சட்டகத்திற் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கலாகாது. கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுத்துக்கொள்க.

ஒட்டுந் தாளும் மேலே மினுங்கும் உறையுமுடைய அல்பங்கள் பார்வைக்கு அழகாயினும் படத்துக்குப் பகை. அவற்றின் பசை படத்தைக் கறைப்படுத்தி, எடுக்க முடியாதவாறு பற்றிக்கொள்ளும். அமிலமற்ற கடதாசி உறையே உத்தமம். ஒட்டவே வேண்டுமாயிற் படத்தின் நான்கு மூலைகளையும் செருகும் கடதாசி மூலைகளைப் பயன்படுத்துக.

முதுகில் எழுதுவதற்குப் பேனா வேண்டாம். எங்கள் தந்தையார் அழுத்தி எழுதிய ஆண்டு பூட்டனாரின் மார்பிலே தழும்பாய்த் தெரிகின்றது. மெதுவான பென்சிலால், ஓரத்திலே, அழுத்தாமல் எழுதுக. இடமிருந்து வலமாகப் பெயர், உறவு, இடம், ஆண்டு, சொன்னவர் யார் என்ற ஐந்தும் இருத்தல் வேண்டும். ஆண்டு நிச்சயமில்லையேற் சுமார் என்று எழுத வெட்கப்படவேண்டாம்.

அடுக்களைப் பரணும், வெளிச் சுவரோரமும், வெயில் படும் யன்னலருகும் ஆகாத இடங்கள். ஈரமற்ற உள்ளறை அலுமாரியின் நடுத்தட்டே தக்க இடம். இராமபாணப் பூச்சியும் கரப்பானும் அணுகாவண்ணம் மாதம் ஒருமுறை திறந்து பார்த்தல் நன்று.

இவையெல்லாவற்றுக்கும் மேலாகப் பிரதி எடுங்கள். வருடிக் கருவியிலே அங்குலத்திற்கு 600 புள்ளி என்ற அளவிற் பதிந்தால், சிறு படத்தையும் பின்னர்ப் பெரிதாக்கலாம். முதுகில் எழுத்திருந்தால் அதனையும் பதிக. அப்பிரதிகளை மூன்று வெவ்வேறு வீடுகளிலாவது வைத்திருங்கள். ஒன்று வேற்றூரில் இருப்பது சிறப்பு. பிரதி எடுத்தாயிற்றே என்று மூலத்தை எறிந்துவிடாதீர்கள். கணினியும் ஒரு நாட் கெடும்; நல்ல கடதாசிப் படம் நூறாண்டு நிற்கும்.

எமது முன்னோர்க்கு இது புதிய பாடமன்று. பனையோலை ஏடு செல்லரிக்குமுன் புது ஓலையிலே பெயர்த்தெழுதி வைத்த மரபினர் நாம். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் ஊரூராய் ஏடு தேடி, வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றிய காலத்தில், இன்னும் சில ஆண்டு தாழ்த்தால் ஏடுகள் பொடியாகிவிடும் என்ற அச்சமே அவரை ஓட்டிற்று. அவ்வச்சத்தில் ஒரு சிறு பங்கு எமக்கும் வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கது

நாம் பயின்றது ஒரு மிஷன் பாடசாலையிலே. அங்கே தாழ்வாரச் சுவர் நெடுகிலும் பழைய மாணவர் குழுப் படங்கள் தொங்கும். ஒவ்வொன்றின் அடியிலும் நிற்போர், இருப்போர், வராதோர் என்று முறையாய்ப் பெயர்கள் உண்டு. எண்பது வருடத்துக்கு முன் பந்தடித்த ஒருவரின் பெயரை இன்றும் ஒரு சிறுவன் வாசிக்கின்றான். எமது சங்கத்தின் அலுமாரியிலும் குழுப் படங்கள் இருக்கின்றன. கூட்டு வழிபாட்டிலும் திருவிழாத் தொண்டிலும் நின்ற இளைஞர் வரிசை வரிசையாய் இருக்கின்றனர். பெயர் ஒன்றேனும் இல்லை. அன்று துரைமாரின் படக்காரர் எம்மவரைப் பெயரின்றி விட்டார் என்று குறை கூறினோம். எம்மவரை நாமே பெயரின்றி விடுவதற்கு யாரைக் குறை கூறுவது?

பிற இடங்களில் இப்பணி தொடங்கிவிட்டது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டின் பழைய படசாலைகளிலும் வீடுகளிலும் கிடந்த படங்களைத் தேடி, உரியவரிடமே மூலத்தை விட்டு, பிரதியெடுத்துக் காத்து வருகின்றது. 2005இல் ஆரம்பமான நூலகம் என்னும் மின்னூல்நிலையம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் பதிந்து யாவர்க்கும் பயன்படச் செய்கின்றது. கண்டியிலே நாமும் ஒரு சிறு கை கொடுக்கலாம்.

ஆண்டுக்கு ஒரு நாளைப் படத் திரட்டு நாளாகக் கொள்வோம். அன்று ஒவ்வொரு குடும்பமும் ஐந்து படங்களை மட்டும் சங்க மண்டபத்துக்குக் கொண்டுவரட்டும். பெரியோர் இருந்து சொல்ல, இளைஞர் பென்சிலும் கொப்பியும் கொண்டு எழுதட்டும். அங்கேயே பிரதி எடுத்து, மூலப்படத்தை அன்றே உரியவர் கையில் ஒப்படைப்போம். ஒருவர் வீட்டுப் படம் அவர் வீட்டுச் சொத்து. அவர் சம்மதமின்றி எங்கும் வெளியிடலாகாது. முதலில் சங்கத்து அலுமாரியிலிருந்தே தொடங்குவோம்.

இளைஞர்காள், உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும். இவ்வாரத்திலேயே அதனைத் திறவுங்கள். பெரியோர்களே, உங்கள் நினைவே எமக்குக் கிடைக்கும் நூல்நிலையம், கேளாமலே சொல்லுங்கள்.

எங்கள் பெட்டியிலே முகமிழந்த அப்படம் இப்போது தனி உறையில் இருக்கின்றது. இரட்டைப் பின்னலும், சிறு கைகளும், பின்னேயுள்ள பூந்தோட்டமும் தெளிவாய்த் தெரிகின்றன. அதன் முதுகிலே அப்பாச்சி சொல்லச் சொல்ல அவர் பெயரையும், பேராதனை, சுமார் 1948 என்பதனையும் பென்சிலால் எழுதினோம். அதன்கீழ் இன்னுமொரு வரியும் சேர்த்தோம்: புகையிரதத்திற் போகையிற் பனைமரத்தை முதலிற் காண்பவர்.